நீ யார் வீட்டுப் பிள்ளை? கிறிஸ்தவம் சொல்லும் அடையாளமும் அழைப்பும்

திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ஒரு ஊருக்குள் புதிதாக நுழைந்து பாருங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார், என்ன படித்தாய் என்றும் கேட்க மாட்டார். "நீ யாரு மவம்ல?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பா பெயரைச் சொன்னால் போதும், தாத்தா வரைக்கும் அவரே போய்விடுவார். சின்ன வயதில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலைக் கிளப்பும். நான் நானாக இருக்கக் கூடாதா, எதற்கு எப்போதும் அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று தோன்றும். பைபிளைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது: "நான் யார்?" என்பதற்குக் கிறிஸ்தவம் கொடுக்கும் பதில், அந்தப் பெஞ்சுப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு இந்தக் கேள்விக்குப் புழக்கத்தில் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நீ சாதித்தது எதுவோ அதுவே நீ: மார்க், வேலை, சம்பளம், விசா, சொந்த வீடு. இன்னொன்று, உனக்குள்ளேயே தேடு, அடி ஆழத்தில் நிஜமான நீ உட்கார்ந்திருக்கிறாய், அதை வெளியே கொண்டுவா என்பது. முதலாவதில் வேலை போனால் ஆளும் சேர்ந்து போய்விடுகிறான். வேலை இழந்தவர்கள் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் பதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது மொய் எழுதக் காசில்லாததால் மட்டும் இல்லை. இரண்டாவது பதில் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே தேடிப் போனால் திங்கட்கிழமை ஒருவனும் வெள்ளிக்கிழமை வேறொருவனும் அகப்படுகிறார்கள் என்பது என் அனுபவம்.

கிறிஸ்தவம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. அடையாளம் என்பது உனக்குக் கொடுக்கப்படுவது, நீ பெற்றுக்கொள்வது. நீ யாருடைய பிள்ளை என்பது முதலில் முடிவாகிவிடுகிறது, அதற்கு அப்புறம்தான் நீ எதற்காக இருக்கிறாய், என்ன செய்யப் போகிறாய் என்பதெல்லாம். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் எல்லாமே குழம்பிவிடும். நம் சபைகளிலேயே பாதிப் பேர் மாற்றித்தான் போட்டு வைத்திருக்கிறோம், நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒரு சின்ன விஷயம். நான் சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவன், அதனால் கர்த்தர், தேவன், ஞானஸ்நானம் என்றே எனக்கு வாயில் வரும். கத்தோலிக்க நண்பர்கள் ஆண்டவர், இறைவன், திருமுழுக்கு என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரே இல்லை என்றாலும் பரவாயில்லை, இந்த மதம் மனிதனை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வாசிக்கலாம், யாரும் உங்களைக் கை தூக்கச் சொல்ல மாட்டார்கள்.

சாயல்

பைபிளின் முதல் அதிகாரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறது. சாயல் என்பது நாம் அன்றாடம் புழங்கும் சொல்தானே. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த அத்தை, "அப்படியே அவங்க ஆச்சி சாயல்" என்பார். அந்தச் சாயலைப் பெறுவதற்குக் குழந்தை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. அது வளர்ந்து தறுதலையாகத் திரிந்தாலும் மூக்கு ஆச்சியின் மூக்காகத்தான் இருக்கும்.

பழங்கால எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்று பெரும்பாலும் ராஜாவைத்தான் சொல்வார்கள். வயலில் வேலை செய்கிறவனையோ அவன் மனைவியையோ அப்படிச் சொல்வது அபூர்வம். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை ராஜாவின் தலையிலிருந்து எடுத்து மனிதர் எல்லாருக்கும், "ஆணும் பெண்ணுமாக" என்று சொல்லியே பகிர்ந்து கொடுத்துவிட்டது. பேச்சு வராத பிள்ளை, நினைவு தப்பிப் படுக்கையில் கிடக்கும் பாட்டி, ஜெயிலில் இருப்பவன், நீங்கள், நான், எல்லாருக்கும் மதிப்பு இங்கிருந்துதான் வருகிறது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாம் நன்றாகத்தானே இருக்க வேண்டும், ஏன் நாம் இப்படி இருக்கிறோம்? இங்கேதான் பாவம் என்ற சொல் வருகிறது, பலர் முகம் சுளிக்கும் சொல். அதை இத்தனை தப்புச் செய்தான் என்ற கணக்குப் புத்தகமாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டே ஸ்கூலில் கெட்ட குமாரன் கதை என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசத்துக்குப் போகிறான் இளைய மகன். காசெல்லாம் கரைந்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்தபோது அவனுக்குப் புத்தி தெளிகிறது. வீட்டுக்குத் திரும்பும் முன் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொள்கிறான்: நான் உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட இனிப் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.

இதை எத்தனையோ தடவை வாசித்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அப்பா முன்னால் வந்து நின்றபோது அவன் முதல் பாதியை மட்டும்தான் சொல்லி முடிக்கிறான். "கூலிக்காரரில் ஒருவனாக" என்ற இரண்டாம் பாதி கதையில் வரவே இல்லை. அதற்குள் அப்பா, நல்ல வஸ்திரத்தைக் கொண்டுவா, மோதிரம் போடு, காலுக்குப் பாதரட்சை மாட்டு என்று வேலைக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மகனாக இருக்கத் தகுதி இல்லாவிட்டால் கூலியாகவாவது சேர்த்துக்கொள்வார்கள் என்று அவன் போட்ட கணக்குக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. கிருபை என்று கிறிஸ்தவர்கள் வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான்.

அந்தக் கதையில் மூத்தவனும் உண்டு. வீட்டை விட்டு எங்கும் போகாதவன், நல்ல பிள்ளை. தம்பிக்கு விருந்து என்றதும் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அப்பாவிடம் அவன் சொல்லும் முதல் காரணம் "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்பது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கூலிக்காரனைப் போலக் கணக்கு வைத்திருந்திருக்கிறான் பாருங்கள். தினமும் ஜெபம், தவறாமல் காணிக்கை, கொயரில் பாட்டு என்று இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இளையவனைவிட மூத்தவன்தான் பொருத்தம், சங்கடமாக இருந்தாலும் உண்மை.

யோர்தானில் கேட்ட சத்தம்

வரிசை ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது மாற்கு முதல் அதிகாரம். இயேசு யோர்தான் நதியில் யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து ஒரு சத்தம்: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." இது எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். அதுவரைக்கும் மாற்குவின் சுவிசேஷத்தில் இயேசு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒருவரையும் குணமாக்கவில்லை, ஒரு சீஷனையும் கூப்பிடவில்லை. ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா சொல்கிறார். அதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. நம் கணக்குப்படி ரெஸ்யூமே காலி. அப்படி இருக்கும்போதுதான் "பிரியமாயிருக்கிறேன்" வருகிறது. ஊழியம் எல்லாம் அதற்குப் பின்னால்.

உடனே அடுத்த காட்சி வனாந்தரம். மத்தேயுவும் லூக்காவும் இதை விரிவாகச் சொல்கிறார்கள். நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு பிசாசு வந்து பேச ஆரம்பிக்கும் வார்த்தை என்ன? "நீர் தேவனுடைய குமாரனேயானால்." நதிக்கரையில் கேட்டதையே திருப்பி ஒரு "ஆனால்" போட்டு, நிரூபித்துக் காட்டு, கல்லை அப்பமாக்கு என்கிறான். "நேச" என்ற சொல்லையும் காணோம். இயேசு எதையும் நிரூபிக்கவில்லை. சாப்பாட்டைப் பெருக்க முடியாதவர் என்று இல்லை, பின்னால் ஐயாயிரம் பேருக்குக் கொடுக்கத்தான் செய்கிறார், ஆனால் தான் மகன் என்று காட்டுவதற்காக அங்கே ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் "தம்பி இன்னும் செட்டில் ஆகலையா?" என்று கேட்கும்போது நமக்குள் எழும் படபடப்பு இருக்கிறதே, அதற்கும் இந்த வனாந்தரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குப் படும்.

சரி, இயேசுவுக்குச் சொன்னது எனக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அவர் இயல்பிலேயே குமாரன், நான் அப்படி இல்லையே. இதற்கு, ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் பயன்படுத்தும் சொல் புத்திரசுவிகாரம், அதாவது தத்தெடுப்பு. ரோமர் 8:15-இல் "அப்பா பிதாவே என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்" என்று எழுதுகிறார். அங்கே வரும் "அப்பா" தமிழ் அப்பா இல்லை, இயேசு பேசிய அரமேயச் சொல்; ஒலியும் பொருளும் நம்முடையதைப் போலவே அமைந்துவிட்டது ஒரு அதிர்ஷ்டம். மற்ற மொழிக்காரர்கள் அடிக்குறிப்பு போட்டு விளக்கும் இடத்தில் நமக்கு விளக்கமே தேவைப்படாது.

நம் ஊரில் தத்துப்பிள்ளை என்றால் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார்கள், ரோமில் அப்படி இல்லை. தத்தெடுக்கப்பட்டவனுக்குப் பெற்ற மகனுக்குள்ள அத்தனை உரிமையும் உண்டு, பழைய குடும்பத்தோடு சட்டப்படி இருந்த பிணைப்பு அறுந்துவிடும். பவுல் இந்தக் கடிதத்தை எழுதிய காலத்தில் ரோமை ஆண்டவன் நீரோ. அவனே தத்துப்பிள்ளைதான்! அவனுக்கு முன் ஆண்ட கிலவுதியு ராயனுக்குப் பிரித்தானிக்கஸ் என்று பெற்ற மகன் இருந்தும், கி.பி. 50-இல் தத்தெடுக்கப்பட்ட நீரோ 54-இல் அரியணை ஏறினான். ஆகவே ரோம் நகரத்துச் சபையில் உட்கார்ந்து இந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட ஒரு அடிமைக்கு, "சுவிகாரம்" என்ற சொல் காதில் விழுந்ததும் அரண்மனை ஞாபகம் வந்திருக்கும். பவுல் அடுத்த வரிகளிலேயே "சுதந்தரர்" என்கிறார். பழைய தமிழில் அதற்கு வாரிசு என்று அர்த்தம்.

பவுலின் பயோடேட்டா

அடையாளம் கொடுக்கப்படுகிறது என்றால் பழைய அடையாளங்கள் என்னாகும்? பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தன் பயோடேட்டாவை எடுத்து வைக்கிறார், கல்யாணத் தரகரிடம் கொடுப்பதைப் போலவே இருக்கும்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், நியாயப்பிரமாணத்தில் பரிசேயன். குலம், கோத்திரம், படிப்பு எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிறிஸ்துவுக்காக இதைக் குப்பையாக எண்ணுகிறேன் என்று முடிக்கிறார். யூதனாக இருப்பதை அவர் விட்டுவிடவில்லை, கூடாரம் செய்யும் தொழிலையும் விடவில்லை. தான் யார் என்று சொல்ல இனி அதில் சாய்ந்து நிற்கத் தேவையில்லை, அவ்வளவுதான். அவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் "கிறிஸ்துவுக்குள்". விலாசம் மாதிரி அது. இன்னார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்டால், கிறிஸ்துவுக்குள் என்கிறார்.

இந்த இடத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டாக வேண்டும். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பகுதியில் கிறிஸ்தவர் என்று போட்டு அதற்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள், 1910-இல்தான் அந்தச் சுவர் இடிபட்டது. கல் சுவர் இடிந்தது, சரி. கல்லறைத் தோட்டத்திலும் சம்பந்தம் பேசும் திண்ணையிலும் இருக்கும் சுவரைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரை நாமே நம்பவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. தலித் கிறிஸ்தவர்கள் இதைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது சபை அரசியல் என்று தள்ளிவிடும் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கலாத்தியர் பின்னே எதைப் பற்றிப் பேசுகிறது?

எதற்காக இருக்கிறேன்

இப்போது நோக்கத்துக்கு வரலாம். வாலிபர் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, கர்த்தர் உன்மேல் வைத்திருக்கும் நோக்கம் என்ன என்று கேட்டால், எந்த வேலை, எந்த ஊர், யாரோடு கல்யாணம் என்ற மூன்றுக்குள் பதில் அடங்கிவிடும். 1647-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதி முடித்த, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கும் சிறிய வினாவிடையின் முதல் கேள்வியும் நோக்கத்தைப் பற்றியதுதான்: மனிதனுடைய தலையாய நோக்கம் என்ன? அங்கே கொடுத்திருக்கும் பதில், தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றைக்கும் அவரில் களிகூருவதும். வேலை, ஊர், கல்யாணம் ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்தது அந்தக் களிகூருதல்தான். கறாரான பியூரிட்டன் காலத்து ஆட்கள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நாம் நினைப்பவர்கள், வாழ்வின் நோக்கத்தில் பாதியை மகிழ்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, நீட் ரிசல்ட் நல்லபடியாக வரும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம். அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது, அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. அதாவது கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பவே மாட்டார்கள். அதுவரைக்கும் அவர்கள் என்ன செய்ய வேண்டுமாம்? வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் கனியைச் சாப்பிடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வை, நீ இருக்கிற அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. இவ்வளவுதான் திட்டம்! நெருக்கடியான காலத்தில் சாதாரணமாக, நேர்மையாக, பக்கத்து வீட்டுக்காரனுக்கு உபயோகமாக வாழ்வது. மீகா 6:8-உம் இதையே வேறு மாதிரி சொல்கிறது: நியாயம் செய், இரக்கத்தை நேசி, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட. இதில் எந்தக் கம்பெனியில் சேரவேண்டும் என்று இல்லை. சேருகிற கம்பெனியில் எப்படி இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

அப்படியானால் தனிப்பட்ட அழைப்பு என்று ஒன்று கிடையாதா? உண்டு. ஆனால் நாம் அதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த கதைகள் கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கின்றன. பதினேழு வயதில் ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டிருக்க, முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அந்தப் போதகர். நானும் தூக்கினேன். காலையில் பசி எடுத்தபோது அந்த அழைப்பைக் காணோம். ஆனால் குற்ற உணர்ச்சி மட்டும் ஆறேழு வருஷம் கூடவே வந்தது, கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தபோது தேவன் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் யோனா தீர்க்கதரிசி தர்ஷீசுக்கு டிக்கெட் எடுத்ததைப் போலத்தான் இருந்தது எனக்கு. அவர்மேல் இப்போது கோபம் இல்லை. "முழுநேர ஊழியம்" என்ற சொல்மேல்தான் கோபம், அந்தச் சொல் மற்ற எல்லாரையும் பகுதிநேரக் கிறிஸ்தவர்களாக்கிவிடுகிறது.

இந்தப் பிரச்சினை பழசு. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் அழைப்பு பெற்றவர்கள் என்றால் பெரும்பாலும் துறவியும் கன்னியாஸ்திரியும் குருவும்தான். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதை மறுத்தார், அவரும் முன்பு துறவியாக இருந்தவர்தான். மாடு கறக்கிறவளும் செருப்புத் தைக்கிறவனும் பிள்ளைக்குத் துணி அலசுகிற தகப்பனும் தங்கள் தங்கள் இடத்தில் தேவனுடைய அழைப்பிலேயே இருக்கிறார்கள் என்றார். அயலானுக்குச் சாப்பாடு போட தேவன் விரும்புகிறார், அதை விவசாயியின் கை வழியாகவும் ரொட்டி சுடுகிறவனின் கை வழியாகவும் செய்கிறார் என்பது அவர் பார்வை. அழைப்பு என்பதற்கு அவர் எடுத்தாண்ட "பெரூஃப்" என்ற ஜெர்மன் சொல்லுக்கு இன்றைக்கு அர்த்தமே தொழில் என்று ஆகிவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு இந்த லூத்தர் வழிக்காரர்தான், ஆனாலும் நம் சபைகளில் மாடு கறக்கிறவளின் அழைப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

ஐடா ஸ்கடர் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1870-இல் ராணிப்பேட்டையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர், மிஷனரியாக மட்டும் ஆகவே கூடாது என்று அமெரிக்காவில் இருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனம் வருகிறார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்பா டாக்டர் இருக்கிறார், ஆனால் ஆண் வைத்தியர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி, 1899-இல் டாக்டராகி, 1900-இல் வேலூர் வந்தார், ஒரு படுக்கையோடு தொடங்கியது, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, இன்றைய சி.எம்.சி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் கர்த்தர் அழைத்தார் என்று சொல்லி முடிப்பார்கள், சரிதான். ஆனால் வானத்திலிருந்து சத்தம் வந்ததாகக் கதையில் எங்கும் இல்லை. வந்தது கதவு தட்டும் சத்தம், மூன்று முறை. அவர் கேட்ட அழைப்பு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது பத்து வருஷம் போயிருக்கிறது, அதில் பெரும்பகுதி தெரியாத உடம்பின் பாகங்களை மனப்பாடம் செய்ததில் கழிந்திருக்கும், அதைப் பற்றி யாரும் பாட்டு எழுதுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது

கர்த்தரிடம் ஏதாவது அறிகுறி காட்டச் சொல்லிக் கேட்பது, பைபிளை மூடிக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, இதெல்லாம் நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை வேலை மாறலாமா என்று விரல் வைத்தபோது ஒரு வம்ச அட்டவணையில் விழுந்தது. இதைவிட நல்ல வழி ஒன்றை ஒரு போர்வீரன் காட்டினார். இஞ்ஞாசியார், ஸ்பெயினில் லொயோலா ஊர்க்காரர், சென்னை லயோலா கல்லூரியின் பெயரில் இருப்பவர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, மாதக்கணக்கில் படுக்கை. வீரக் கதைகள் கேட்டார், அந்த வீட்டில் இருந்தது இயேசுவின் வரலாறும் புனிதர் கதைகளும்தான். படுத்துக்கொண்டே பகல்கனவு காண்பார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் சாகசங்களைக் கனவு காணும்போது அந்த நேரம் இனிக்கும், முடிந்த பின் மனம் வறண்டு கிடக்கும். புனிதர்களைப் போல வாழ்வதாகக் கனவு கண்டாலோ முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். அவர் தொடங்கிய சேசு சபையின் தியான முறை முழுக்க இந்தக் கவனிப்பிலிருந்துதான் வளர்ந்தது.

ஆரம்பக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிது. ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிஷம், இன்றைக்கு எது என்னை உயிரோடு வைத்தது, எது உள்ளே காய வைத்தது, எந்த இடத்தில் அன்பாக இருந்தேன், எங்கே ஓடி ஒளிந்தேன் என்று தேவனுக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது. கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்தில் ஒரு தடம் தெரியும். கூடவே உங்களை நன்றாகத் தெரிந்த, முகத்துக்கு நேரே பேசக்கூடிய இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் நம்மை ஏமாற்றுவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. வாசிக்க எங்கே தொடங்கலாம் என்றால் மாற்கு, பதினாறே அதிகாரம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அப்புறம் லூக்கா 15, ரோமர் 8.

இதெல்லாம் செய்தும் ஒன்றுமே தோன்றாமல் போகலாம். டீட்ரிக் பான்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் ஹிட்லரை எதிர்த்ததற்காக பெர்லின் டேகல் சிறையில் இருந்தபோது, 1944-இல், நான் யார் என்று கேட்டு ஒரு கவிதை எழுதினார். மற்றவர்கள் பார்வையில் அமைதியும் கம்பீரமுமாக இருக்கிறேன், எனக்குள்ளேயோ கூண்டுப் பறவையாகத் தவிக்கிறேன், இதில் எது நான் என்று கேட்கிறது அது. கடைசிவரை அவருக்கு விடை கிடைக்கவில்லை. யாராக இருந்தாலும் நான் உம்முடையவன் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். அடுத்த ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அடையாளம் என்பது உணர்ச்சி இல்லை என்பதற்கு நான் நம்பும் ஆதாரம் அந்தச் சிறை அறை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாதக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே தோன்றாமல் இருந்தால் அது நோக்கம் தெரியாத பிரச்சினை இல்லை, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். உனக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாக்கோபின் கதையைச் சொல்லாமல் இதை விட மனம் வரவில்லை. பார்வை மங்கிய அப்பா ஈசாக்கு, "என் மகனே, நீ யார்?" என்று கேட்டபோது, ஆசீர்வாதம் வேண்டும் என்பதற்காக "நான் உமது மூத்த மகனாகிய ஏசா" என்று அண்ணன் பெயரைச் சொன்னவன் அவன். அண்ணனுக்குப் பயந்து ஓடி, இருபது வருஷம் மாமனார் வீட்டில் உழைத்து, திரும்பி வரும் வழியில் யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுக்க ஒருவரோடு போராடுகிறான். என்னை ஆசீர்வதித்தால் ஒழிய விடமாட்டேன் என்கிறான். ஆசீர்வாதத்துக்கு முன்னால் அவர் கேட்பது, "உன் பேர் என்ன?" இந்தத் தடவை அவன் யாக்கோபு என்றே சொல்கிறான், எத்தன் என்று ஏசா அர்த்தம் சொன்ன அதே பெயர். அதைச் சொன்ன பிறகுதான் இஸ்ரவேல் என்ற புதுப் பெயர் கிடைக்கிறது. ஆபிராம் ஆபிரகாம் ஆன பிறகு ஆதியாகமம் அவரை மறுபடி ஆபிராம் என்று கூப்பிடுவதே இல்லை. இவனை மட்டும் கடைசிவரைக்கும் சில இடத்தில் இஸ்ரவேல், சில இடத்தில் யாக்கோபு என்று மாற்றி மாற்றித்தான் எழுதுகிறது.

பொழுது விடிந்தபோது தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டிருந்தான். புதுப் பெயரோடு அவன் பார்க்க வேண்டியிருந்த முதல் வேலை அன்றைக்கே எதிரில் வந்துகொண்டிருந்தது, நானூறு பேரைக் கூட்டிக்கொண்டு. யாருடைய பெயரைத் திருடினானோ அந்த அண்ணன். யாக்கோபு எல்லாருக்கும் முன்னால் நடந்து போய், ஏழு தரம் தரையில் விழுந்து வணங்கினான். ஏசா ஓடி வந்து கட்டிக்கொண்டான், இரண்டு பேரும் அழுதார்கள்.